சும்மா ஓடிய பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்காவைக் கொன்றது தேயிலைக் கொழுந்து லொறி. அது அவரை மோதவில்லை. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. காகிதத்தில் குளவி கொட்டியதால் மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். குளவி மறுத்துப் பேசப் போவதில்லை.

செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாடசாலை விட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. காவல்காரர் முத்தையா அண்ணன் கீழ்ப்பாதையிலிருந்து மெதுவாக ஏறி வந்து வாசலில் நின்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“டீச்சர், திலகாவ கொஞ்சம் அனுப்புறீங்களா?”

“எதுக்குண்ணே?”

“அவங்கம்மா…”

“அவங்கம்மாவுக்கு என்ன? தேத்தண்ணி நேரத்துல நல்லாத்தானே ஓடிப் போனாங்க. நாங்க எல்லாரும் பாத்தோமே.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகையில் இருந்த பின்னங்களைப் பார்த்தார்.

“நாங்களும் பாத்தோம் டீச்சர். சும்மா ஓடுறதாத்தான் நாங்களும் நெனச்சோம்.”

எங்கள் தோட்டத்தில் சாவுச் செய்தி ஓடித்தான் வரும். பசறைக்கு மேலே, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்தும் இன்னும் மேலே இருக்கிறது எங்கள் மேல்பிரிவு. எல்லார் கையிலும் தொலைபேசி உண்டு. சிக்னல் கோயிலடியில் மட்டும்தான் உண்டு. அதனால் மலையில் ஒருவர் விழுந்தாலும், ஆஸ்பத்திரியில் ஒருவர் போய்விட்டாலும் யாராவது ஒருவர் ஓடி வந்துதான் சொல்ல வேண்டும். வேறு எதற்கும் எங்கள் ஆட்கள் ஓடுவதில்லை. நாள் முழுக்கச் சரிவில் நிற்பவர்களுக்கு ஓடுவதற்குக் கால் மிச்சம் இருக்காது. ஆகவே பாதையில் காலடிச் சத்தம் வேகமாகக் கேட்டால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிடும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அன்று சாவுச் செய்தி நடந்து வந்தது. ஓட வேண்டியவர் ஏற்கெனவே ஓடி முடித்திருந்தார்.

மேல்பிரிவை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட உங்களில் பலருக்கு அக்காவைச் சின்ன வயதில் தெரிந்திருக்கும். மூன்றாம் லயத்துப் பெருமாளின் மகள். முப்பத்தெட்டு வயது. கொழுந்தெடுத்தார். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். ஒரே மகள் திலகா, என் வகுப்பில் படிக்கிறாள். காலையில் ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் அவர் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கும். அவர் ஓடினார் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். நான் அப்போதுதான் பயிற்சி முடித்து, பிறந்த தோட்டத்துக்கே ஆசிரியையாகத் திரும்பியிருந்தேன். விடிவதற்குச் சற்று முன் தொம் தொம் என்று பாதையில் சத்தம். எல்லாரையும்போல நானும் போர்வையோடு வெளியே வந்தேன். பனிமூட்டம் லயத்தின் கூரைவரை இறங்கியிருந்தது. எதிர்வீட்டு ஆறுமுகம் மாமாவின் தங்கை அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமா சத்தம் கேட்டவுடனேயே அழத் தொடங்கிவிட்டார். “யாரு? யாரு போயிட்டாங்க?” என்று பத்துக் குரல்கள். மூட்டத்துக்குள்ளிருந்து பாக்கியம் அக்கா வந்தார். தலையில் துவாய், இரண்டு கைகளிலும் காலுறைகள், காலில் யாரோ கொடுத்த பழைய பாடசாலைச் சப்பாத்து. வாயிலிருந்து புகை புகையாக மூச்சு. சிரித்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கும் ஒன்னுமில்ல. குளுருது. ஓடுறேன்.”

“விடியக் காலத்துல என்னாடி ஓட்டம்? பேய் புடிச்சிருச்சா?”

“பேய் ஓடுனா புகை வருமா சித்தி? இங்க பாருங்க.” நின்று, ஊதிக் காட்டிவிட்டு, மறுபடியும் ஓடினார்.

அன்று அவர் வாங்கிய வசவுகளை எழுத முடியாது. ஆறுமுகம் மாமா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த ஓட்டத்தின் கதை பெரிதொன்றுமில்லை. மார்கழிக் காற்றில் அவர் வீட்டுக் கூரையில் மூன்று தகரங்கள் பறந்துபோயின. தோட்டத்து ஒப்பீசில் சொன்னார், எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. இருந்த ஒரே நல்ல கம்பளியை மகளுக்குப் போர்த்திவிட்டு, நாலரை மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். குளிர் தாங்காமல் ஒரு நாள் எழுந்து ஓடினார். தகரத்தை அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவரே வாங்கிப் போட்டார். ஓட்டத்தை விடவில்லை. ஏன் என்று கேட்டபோது சொன்னார்: “மொத நாளு குளுரு தாங்காம ஓடுனேன் டீச்சர். மூணாவது நாளு குளுரத் தேடி ஓடுனேன்.”

அவர் ஓட்டம் தோட்டத்தில் ஒரு பிரச்சினையாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் லயம் திடுக்கிட்டு எழுந்தது. கடைசியில் கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்தான் தொடங்கினார்.

“ஏம்மா பாக்கியம், ஓடுறது தப்பில்ல. ஆனா ஓடுனா எழவுன்னுதானே சனம் நெனைக்கும்? வயசானவங்க இருக்காங்க. நெஞ்சு நின்னு போச்சுன்னா?”

“நான் என்ன செய்யணும் தலைவரே? நடந்து ஓடவா?”

கூட்டம் சிரித்துவிட்டது. “மணிய கட்டிக்கிட்டு ஓடச் சொல்லுங்க, மாடு மாதிரி” என்றார் கடைக்கார ராசு அண்ணன்.

“வாங்கிக் குடுங்கண்ணே, கட்டிக்கிறேன். உங்க கடையிலதான் ஒன்னும் கெடைக்கிறதில்லையே.”

நீண்ட பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். இப்படி ஒரு தீர்மானம் வேறெந்த ஊரிலாவது நிறைவேறியிருக்குமா தெரியாது. பாக்கியம் ஓடலாம். ஆனால் ஓடும்போது “சும்மா, சும்மா” என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓட வேண்டும். யாரும் சாகவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அன்றிலிருந்து எங்கள் காலைகள் அந்தக் குரலில் விடிந்தன. கீழ் லயத்தில் ஒரு “சும்மா”, கோயிலடியில் ஒரு “சும்மா”, பிறகு மலைக்கு மேலே எங்கோ மெல்லியதாக ஒன்று. ஒரு மாதத்தில் யாரும் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதத்தில், படுத்தபடியே பதில் சொல்லத் தொடங்கினார்கள். ஆறுமுகம் மாமா போர்வைக்குள்ளிருந்து “சும்மா போ தாயி” என்பார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டானது. அவர் சொல்வதற்கு முன்பே அவர்கள் கத்துவார்கள். போகப் போக அக்கா சொல்வதையே விட்டுவிட்டார். பாதையோரம் நின்றவர்களே அவருக்காகச் சொன்னார்கள். சாவுக்கு மட்டும் என்று இருந்த ஒரு காரியத்தை ஒரு பெண் சாவிடமிருந்து பிடுங்கியெடுத்துவிட்டார் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடைத்தனம்.

நான் அவரோடு ஓடத் தொடங்கியது ஒரு சண்டையில். கொழும்பில் படித்த காலத்தில் வாங்கி வந்த கோபமெல்லாம் எனக்குள் அப்படியே இருந்தது. அவரிடம் சொன்னேன்: “அக்கா, குளிரு சந்தோசமுன்னு பேசுறதெல்லாம் வீட்டுக்குப் போனா சுடுதண்ணி இருக்கிறவங்க பேச்சு. நமக்கு குளிருன்னா இருமலு. வெடிச்ச கையி. ஈரக் கொழுந்து.”

“ஆமாங்க டீச்சர்” என்றார். “வேலையில கூனுறோம். கூடையில கூனுறோம். தொரையக் கண்டா கூனுறோம். குளுருலயுமா கூனணும்? இங்க யாரும் பாக்கல. ஒரு நாளு நிமிந்து வந்து பாருங்க. புடிக்கலைன்னா என்னைய ஏசுங்க.”

ஏசுவதற்காகவே போனேன். முதல் நூறு எட்டில் காது அறுந்து விழும்போல இருந்தது. மூக்கு நுனி இல்லை. விரல்கள் வேறு யாருடையவோ. காற்று நெஞ்சுக்குள் கத்திபோல் இறங்கியது. அழாத குறையாக, அவர் முதுகைப் பார்த்து ஓடினேன். பதினோராம் நம்பர் மலையின் இரண்டாவது வளைவில் ஏதோ மாறியது. வயிற்றுக்குள் ஓர் அடுப்பு பற்றிக்கொண்டது. கன்னத்தில் குத்திய அதே காற்று இப்போது கன்னத்தைக் கழுவியது. தேயிலைச் செடிகளிலிருந்து குளிர்ந்த நீர் முழங்காலில் தெறித்தது, அது பிடித்திருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை மூட்டம், அதற்கு மேல் எங்கள் இரண்டு தலைகள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதற்கென்று தெரியாது.

அக்கா திரும்பிப் பார்த்து, “ஏசுங்க டீச்சர், ஏசுங்க” என்றார்.

அவர் சொன்னவற்றில் எனக்கு மிகப் பிடித்ததும் அன்று சொன்னதுதான். மேலே உச்சியில் நின்று இருவரும் மூச்சு வாங்கினோம். அவர் தன் மூச்சுப் புகையைக் கையால் பிடிப்பதுபோல் செய்தார். “இது இந்த மாசத்துல மட்டுந்தான் தெரியும். மத்த மாசமெல்லாம் நாம உசுரோட இருக்கிறது யாரு கண்ணுக்குத் தெரியுது?”

எங்கள் பக்கம் பனி உறைந்து விழும் ஊரல்ல. ஆனாலும் போன வருடம் ஒரு காலை, ஓடை இறங்கும் பள்ளத்தில் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஓடினார். நொறுநொறு என்று சத்தம். குதிகால் சிவந்து, பல் கிட்டி, “ஐயோ ஐயோ” என்று கத்திக்கொண்டே மூன்று முறை போய் வந்தார். யாரோ வெளிநாட்டில் முழங்கால் பனியில் ஓடும் வீடியோவைத் திலகா முன்பு ஒரு முறை காட்டியிருந்தாள். அதை நினைத்துக்கொண்டு, “அவங்களுக்கு நெறைய. நமக்கு ஒரு பிடி. போதும்” என்றார். பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சும் வாங்கினார். ஏச்சு விழும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எனக்கு அந்தச் சந்தோஷம் போதவில்லை. அதை ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும் என்ற அரிப்பு எனக்கு. பண்டாரவளையில் ஓர் ஓட்டப் போட்டி நடக்கிறது என்று அறிந்து அவர் பெயரைக் கொடுத்தேன். ஒரு கொழுந்தெடுக்கும் பெண் முதலாவதாக வந்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள், தோட்டத்துக்கு வெட்கம் வரும், பாதை வரும் என்று கணக்குப் போட்டேன். ஆறு மணிக்கு என்ற போட்டி, பிரதம விருந்தினர் வரும்வரை காத்திருந்து எட்டரைக்குத் தொடங்கியது. வெயில் ஏறிவிட்டது. அக்கா முன்னணியில்தான் ஓடினார். மூன்றாவது மைலில் பாதையோரத் தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். கையில் தேநீர்.

“என்னக்கா, கால் பிசகிருச்சா?”

“இல்லையே. வேர்த்திருச்சு. வெயில்ல வேர்க்கிறதுக்கு நான் மலைக்கே போவேனே டீச்சர். உக்காருங்க, வடை நல்லாருக்கு.”

பஸ்ஸில் திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை. அவரை ஒரு பதாகையாகப் பிடிக்க நினைத்தேன், அவர் மறுத்துவிட்டார், அந்தக் கோபம். இன்று இந்த அஞ்சலியை எழுதும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குளிர் மாதங்களில் அவர் வேலை நேரத்திலும் ஓடுவார். பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க அரை மணி விடுவார்கள். மற்றவர்கள் சுள்ளி மூட்டிக் குளிர் காய்வார்கள். அக்கா கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, பாடசாலையைத் தாண்டிக் கோயில் வளைவுவரை ஓடிவிட்டுத் திரும்புவார். என் வகுப்பு ஜன்னலுக்கு நேரே பாதை. பிள்ளைகள் எழுந்து நின்று “சும்மா! சும்மா!” என்று கத்துவார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவது திலகா. அக்கா கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். கணக்குப் பாடத்தில் எங்களுக்கு அதுதான் இடைவேளை.

குளிரில் இன்னொரு நல்லதும் உண்டு என்பார்: “குளுரு இருக்கிற வரைக்கும் குளவி கூட்ட விட்டு வராது.”

அன்றும் காலை நல்ல குளிர். நானும் அவரும் ஓடினோம். மூச்சு தெரிந்தது. ஒன்பது மணிக்குமேல் மூட்டம் சட்டென்று விலகி வெயில் அடித்தது. பத்து மணிக்குச் சற்று முன் பதினோராம் நம்பர் மலையில், பெரிய மரத்துக் குளவிக்கூடு கலைந்தது. அடுத்த நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த விஜயா, இருபத்திரண்டு வயது, கால் தடுக்கி விழுந்துவிட்டாள். மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். அக்கா தன் படங்கை அவிழ்த்து அவளை மூடி, அதன்மேல் தானும் படுத்தார். குளவி அடங்கி மற்றவர்கள் திரும்பி வந்ததும் எழுந்தார். விஜயாவுக்கு நினைவில்லை. “நான் போயி வண்டி கொண்டாறேன். நீங்க இவள விட்டுட்டுப் போயிறாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். ஓடக் கூடியவர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் தடுக்கவில்லை.

அவர் பாடசாலையைக் கடந்தபோது சரியாகத் தேத்தண்ணி நேரம். படங்கு இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது என்கிறார்கள். தலையில் துவாய் இருந்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். “சும்மா! சும்மா!” திலகா மேசைமேல் ஏறி நின்று கத்தினாள். அக்கா எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவர் வாய் திறந்தது. தொண்டை அடைத்துவிட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள், சத்தம் வரவில்லை. நானும் கையைத் தூக்கினேன். என் கையில் சோக்குக் கட்டி இருந்தது. சிரித்தேன்.

கீழ் லயத்தில் ஆறுமுகம் மாமா “சும்மா போ தாயி” என்றார். கோயில் வளைவில் திரும்பாமல் மேலும் ஓடினார். ராசு அண்ணன் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். “இன்னைக்கு கொஞ்சம் தூரமா ஓடுறாளேன்னு நெனச்சேன்” என்று இப்போது வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் அத்தனை பேரும் பாதைக்கு வந்திருப்பார்கள். யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மிச்சத் தூரத்தைத் தான் ஓடியிருப்பார். ஊரே கூடி எடுத்த தீர்மானம் அன்று ஊரையே வாசலில் உட்கார வைத்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்று மருந்து கொடுப்பவர் விடுமுறை. மருத்துவிச்சி அம்மா மட்டும் இருந்தார். அவரிடம் வலி மாத்திரை இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லியிருக்கிறார்: “பதினொன்னு… மலை… விஜயா… குளவி… வண்டி.” தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓடி வந்தவருக்கு என்ன இருக்கப்போகிறது என்று அங்கே நின்றவர்களும் கேட்கவில்லை. சுவரோர வாங்குப் பலகையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

எங்கள் பாதையில் உடைந்த மதகு ஒன்று இருக்கிறது. பட்டணத்திலிருந்து எந்த வண்டியை அழைத்தாலும் மதகுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். உயரமான சில்லு, பெரிய டயர் உள்ள கொழுந்து லொறி மட்டும் தாண்டும். ஆகவே எங்கள் நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கொழுந்து லொறியில்தான் போவார்கள். கோயிலடிக்கு ஒருவரை அனுப்பித் தொழிற்சாலைக்கு அழைத்துச் சொன்னார்கள். “கொழுந்து எறக்கிட்டு அனுப்புறோம்” என்று பதில் வந்தது. இறக்கினார்கள். கொழுந்து வாடிவிடும் அல்லவா. அதற்குள் ஆறு ஆண்கள் விஜயாவைக் கம்பளியில் தூக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். லொறி வந்தபோது அவளை முதலில் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் வாங்கில் இருந்த அக்காவைப் பார்த்தார்கள். மதகைத் தாண்டும்போது அக்காவுக்கு மூச்சில்லை. வெயில் நேரம். இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

விஜயா பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். பாதைப் பக்கம் பார்ப்பதில்லை.

அடக்கத்தன்று அக்காவின் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திலகா அழவில்லை. மூன்று நாள் கழித்து என்னிடம் கேட்டாள்: “டீச்சர், அம்மா அன்னைக்கு கைய தூக்குனது நம்மளக் கூப்புடவா, இல்ல டாட்டா காட்டவா?”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். உண்மை அதுதான். உலகத்தில் உள்ள எல்லாக் கோபத்தையும் கொண்டுவந்து கொட்டினாலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை.

தொடக்கத்தில் லொறி கொன்றது என்று எழுதினேன். அது பாதி. மற்றப் பாதியை அடக்கத்தன்றுதான் கண்டேன். தோட்டத்தை நடத்தும் மேலாளர், எங்கள் துரை, மலர்வளையத்தோடு வந்தார். ஜீப்பில் வந்தார். அந்த ஜீப் உடைந்த மதகில் ஒரு முறை குலுங்கிவிட்டு, இலகுவாக ஏறி, இழவு வீட்டு வாசலில் வந்து நின்றது. உயரமான சில்லு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளவி கொட்டிய அன்றும் அது துரையின் பங்களாவில்தான் நின்றது. கோயில் வளைவுக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவில் பங்களாக் கேட். அக்கா அந்தக் கேட்டைக் கடந்துதான் ஓடினார். அதற்குள் நுழைந்து ஜீப்பைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மருத்துவிச்சிக்குத் தோன்றவில்லை. லொறிக்குக் காத்து நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று எனக்குத் தெரிந்திருந்தாலும் எனக்கும் தோன்றியிருக்காது. தலைமுறை தலைமுறையாக, உள்ளிருந்து கூப்பிட்டால்தான் நாங்கள் அந்தக் கேட்டுக்குள் போயிருக்கிறோம். துரை கெட்ட மனிதர் அல்ல. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்கிறார்கள். இருக்கலாம். கேட்க முடியும் என்பதே தெரியாத சனமாக எங்களை வைத்திருப்பதற்குக் கெட்ட மனிதர் யாரும் தேவைப்படவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலை நான் ஓடினேன். அவருடைய காலுறைகளைத் திலகா எனக்குக் கொடுத்திருந்தாள், கையில் மாட்டிக்கொண்டேன். நல்ல குளிர். லயத்தைத் தாண்டுமுன்பே கதவுகள் திறந்தன. கம்பளியோடும் குழந்தையோடும் சனம் பாதைக்கு வந்துவிட்டது. “சும்மா, சும்மா” என்றேன். யாரும் விலகவில்லை. ஆறுமுகம் மாமா குறுக்கே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நெசமாவே சும்மாவா தாயி?”

“நெசமாவே சும்மா மாமா.”

“மூஞ்சியக் காட்டு.”

காட்டினேன். பார்த்துவிட்டுத்தான் விட்டார். இப்போது தினமும் இப்படித்தான். ஐந்து இடத்தில் நிறுத்துகிறார்கள், ஐந்து இடத்தில் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரே ஓட்டமாக ஓட முடிவதில்லை. அக்கா சாவிடமிருந்து பிடுங்கியதைச் சாவு திரும்ப எடுத்துக்கொண்டது. இருந்தும் இரண்டாவது வளைவில் வயிற்றுக்குள் அந்த அடுப்பு பற்றுகிறது. உச்சியில் மூச்சு வெள்ளையாகத் தெரிகிறது. சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன, பிரிக்க முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுவும், அந்தக் காலுறைகளும், காரணமில்லாமல் ஓட ஒரு மனிதருக்கு உரிமை உண்டு என்று சொல்லும் “சும்மா” என்ற அந்த ஒரு சொல்லும்தான்.

ஆனால் அந்த உரிமைக்கு ஒரு வண்டி வேண்டும். உதவிக்கு வண்டி இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் சும்மா ஓட முடியும். தோட்டத்து ஒப்பீசுக்குப் போய் ஒரு வரிக் கடிதம் கொடுத்தேன். திலகாவும் வந்தாள். கடிதத்தை வாங்கியவர் வாசித்துவிட்டு, என்னைப் பார்த்து, மேசைமேல் கிடந்த வேறு காகிதங்களுக்கு அடியில் வைத்தார். மறுவாரம் போனேன். அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த வாரம் காகிதங்கள் இருந்தன, கடிதம் இல்லை. ஜீப் கடந்து போகும்போது கையைக் காட்டினேன். கண்ணாடி ஏறியிருந்தது. துரையும் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

கடிதம் எழுதிய அன்றே முத்தையா அண்ணன் டிஸ்பென்சரி வாசல் சுவரில், எல்லார் கைக்கும் எட்டும் உயரத்தில், ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். தினமும் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். இன்று காலையும் பனி அதில் சொட்டிக்கொண்டு நின்றது. வெறும் ஆணி. கடிதம் தொலைந்திருக்கலாம் என்பதால், அந்த ஒரு வரியை இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

ஜீப்பின் சாவி ஒன்றை டிஸ்பென்சரி வாசல் ஆணியில் கொண்டுவந்து மாட்டுங்கள்.